பெரிய கிற்றாரும் பெண்களின் கைகளும்



இம்முறை ஓர் இசைக்கருவியைப் பற்றிப் பேசுவோம். பாடசாலை மேடைகளிலும் தேவாலயப் பாடகர் குழுக்களிலும் கல்யாண வீடுகளிலும் நாம் காணும் கிற்றார்தான் அது. அதிலும் ‘ஜம்போ’ எனப்படும் பெரிய உடல் கொண்ட கிற்றார். மரத்தின் இயற்கையான ஒலியும் இருக்க வேண்டும், தேவைப்படும்போது ஒலிபெருக்கியிலும் இணைக்க வேண்டும் என்று விரும்புவோருக்காக, உள்ளே மின்கருவி பொருத்தியே இப்போது இவை விற்பனைக்கு வருகின்றன. நல்ல தரமான ஒன்றின் விலை ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பை விழுங்கிவிடும்.

இதனை ஒரு பெண்பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டால் வீட்டில் என்ன பதில் கிடைக்கிறது? “உது உனக்குப் பெரிசு பிள்ளை. உது ஆம்பிளையள் வாசிக்கிற சாமான்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். விலையைக் கூறி மறுத்தால் அதில் நியாயம் உண்டு. ஆனால் “பெரிசு”, “ஆம்பிளையள்” என்ற இரண்டு சொற்களையும் சற்று நின்று ஆராய்ந்து பார்க்க வேண்டும். இந்தக் கருவியின் வரலாறு இவ்விரண்டுக்கும் நல்ல பதில் வைத்திருக்கிறது.

ஜம்போ பிறந்த கதை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்றொரு நகரம் உண்டு. 1902 இல் ஆரம்பிக்கப்பட்ட கிப்சன் நிறுவனத்தின் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. மாடு மேய்ப்பர் வேடத்தில் திரைப்படங்களில் பாடி நடித்த ரே விட்லி என்பவருக்காக 1937 இல் அந்நிறுவனம் ஒரு பெரிய கிற்றாரைச் செய்து கொடுத்தது. அடுத்த ஆண்டு அது ‘சூப்பர் ஜம்போ’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. விலை 200 டொலர் என்பதால் எஸ்.ஜே-200 எனப்பட்டது. பின்னர் ஜே-200 என்று சுருங்கியது.

அதன் உடலின் அகலமான பகுதி ஏறக்குறைய 17 அங்குலம். இடுப்பு ஒடுங்கி, கீழ்ப்பகுதி வட்டமாக விரிந்திருக்கும். உள்ளே காற்றுக்கு இடம் அதிகம். அதிரும் மேற்பலகையின் பரப்பும் அதிகம். எனவே கீழ்த்தந்திகளின் ஒலி ஆழமாகவும், எல்லாத் தந்திகளையும் சேர்த்து மீட்டும்போது மண்டபத்தை நிரப்பக்கூடியதாகவும் எழும். ஒலிவாங்கிகள் அரிதாக இருந்த காலத்தில் பாடுபவருக்குத் துணை நிற்க இத்தகைய கருவி தேவைப்பட்டது. ஆரம்பத்தில் முதுகுப் பலகைக்கு றோஸ்வூட் மரத்தைப் பாவித்தார்கள். போருக்குப் பின்னர் மேப்பிள் மரம் வழக்கத்துக்கு வந்தது. மேப்பிள் மரத்தின் ஒலி தெளிவானது. பாட்டுக் குரலை மூடாதது.

வாசித்த பெண்கள்

இந்தப் பெரிய கிற்றாரைக் கேட்டதும் பலருக்கும் எல்விஸ் பிரெஸ்லிதான் நினைவுக்கு வருவார். ஆனால் இதே ஜே-200 கிற்றாரைத் தமது அடையாளமாகவே கொண்ட ஒரு பெண் இருக்கிறார். அவர் எமிலூ ஹாரிஸ். 1947 இல் பிறந்தவர். ரோஜாப்பூ அலங்காரம் பதித்த கறுப்பு நிற ஜே-200 கிற்றாரைத் தோளில் மாட்டியபடி பல தசாப்தங்களாக மேடைகளில் பாடியவர். 2008 இல் அமெரிக்காவின் கன்ட்ரி இசைப் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். 2015 இல் சுவீடனின் போலார் இசைப் பரிசையும் பெற்றார்.

அவரது கதையில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு விடயமும் உண்டு. 2000 களின் ஆரம்பத்தில் எல்-200 என்ற மொடலை கிப்சன் நிறுவனம் அவரது பெயரில் வெளியிட்டது. பார்வைக்கு அது ஜே-200 போன்றது. ஆனால் உடல் சிறியது, ஆழமும் குறைவு. மின்கருவி உள்ளேயே பொருத்தப்பட்டிருந்தது. பெரியதைத் திறம்பட வாசித்துக் காட்டிய ஒருவரின் பெயரிலேயே சிறியதும் வந்தது. தனக்கு வசதியானதைத் தேர்வது அவரவர் உரிமை. அதனால் யாருடைய திறமையும் குறைந்துவிடுவதில்லை.

அவருக்கும் முன்னோடி மேபெல் காட்டர். 1927 ஓகஸ்ட் மாதம் பிரிஸ்டல் நகரில் காட்டர் குடும்பத்தினர் தமது முதலாவது இசைத்தட்டுக்காகப் பாடியபோது மேபெலுக்கு வயது 18. அப்போது அவர் நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பிணி. அடுத்த மாதமே மூத்த மகள் பிறந்தாள். அந்த வயிற்றோடு கிற்றாரை அணைத்து வாசித்தவர் அவர். 1928 இல், அந்நாளில் பெருந்தொகையான 275 டொலர் கொடுத்து, 16 அங்குல அகலமுள்ள கிப்சன் எல்-5 கிற்றாரை வாங்கினார். பெருவிரலால் கீழ்த்தந்திகளில் மெட்டை வாசித்துக்கொண்டே மற்ற விரல்களால் தாளத்துக்கு மீட்டும் முறையை அவர் பரவச் செய்தார். ‘காட்டர் முறை’ என்று அதனை இன்றும் உலகெங்கும் கற்கிறார்கள். துணைக்கருவி என்று கருதப்பட்ட கிற்றாரை மெட்டு வாசிக்கும் கருவியாக முன்னுக்குக் கொண்டு வந்தவர்களில் அவர் முக்கியமானவர். அந்த எல்-5 கிற்றார் நாஷ்வில் நகர அருங்காட்சியகத்தில் பேணப்படுகிறது.

செய்த பெண்கள்

வாசித்தவர்களாவது மேடையில் தெரிந்தார்கள். செய்தவர்கள் தெரியாமலே போனார்கள்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதும் கலமசூ தொழிற்சாலையின் ஆண்கள் பலர் போருக்குச் சென்றார்கள். அவர்களின் இடத்துக்குப் பெண்கள் வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். உலோகத்துக்குக் கட்டுப்பாடு வந்ததால் சில கிற்றார்களின் கழுத்தினுள்ளே வைக்கப்படும் உருக்குக் கம்பி கூட இல்லாமல் போனது. அந்த நிலையிலும் கிற்றார்கள் செய்யப்பட்டன. 1942 இல் அறிமுகமான ஜே-45 அக்காலத்து மொடல்தான். அதன் பெயரிலுள்ள ‘ஜே’ என்ற எழுத்தும் ஜம்போவையே குறிக்கிறது. வடிவம் சற்று வேறு. விலை 45 டொலர். 1942 முதல் 1945 வரையிலான இக்கிற்றார்களின் தலைப்பகுதியில் ஒரு சிறு பட்டி வரையப்பட்டிருக்கும். அதனால் சேகரிப்பாளர்கள் இவற்றைப் ‘பட்டிக் கிப்சன்’ என்கிறார்கள். இன்று இவற்றுக்குப் பெரும் மதிப்பு.

வேடிக்கை என்னவெனில், போர்க்காலத்தில் கிற்றார் உற்பத்தி நிறுத்தப்பட்டிருந்தது என்பதே நிறுவனத்தின் பழைய வரலாற்று நூல் சொன்ன செய்தி. ஆனால் 1944 இல் தொழிற்சாலை வாசலில் எடுத்த ஒரு புகைப்படத்தில் ஏறத்தாழ 75 பெண்கள் நிற்கிறார்கள். அப்படியானால் இவர்கள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள்? இந்தக் கேள்வியோடு புறப்பட்டவர் ஜோன் தோமஸ் என்ற சட்டப் பேராசிரியர். அப்பெண்களில் உயிரோடிருந்த சிலரைத் தேடிக் கண்டுபிடித்துப் பேட்டி கண்டார். அப்போது அவர்கள் பாட்டிமாராகி இருந்தார்கள். ‘கலமசூ கேல்ஸ்’, அதாவது கலமசூப் பெண்கள், என்ற அவரது நூல் 2013 இல் வெளிவந்தது.

அவர் இன்னொரு வேலையும் செய்தார். பெண்கள் செய்த கிற்றார்களையும் வேறு காலத்தில் செய்தவற்றையும் எக்ஸ்ரே படம் பிடித்து ஒப்பிட்டார். பெண்கள் செய்தவற்றில் உள்ளே இருக்கும் தாங்கு சட்டங்களும் பலகைகளும் கூடுதல் நேர்த்தியாக இழைக்கப்பட்டு மெல்லியதாக இருப்பதாக அவர் கண்டார். பலகை மெல்லியதானால் அதிர்வு இலகுவாகும், ஒலி திறக்கும். அதேவேளை அளவுக்கு மிஞ்சி மெலிந்தால் தந்தியின் இழுவையைத் தாங்காது. அந்த நுட்பமான எல்லையை அறிந்து வேலை செய்த கைகள் அவை.

போர் முடிந்தது. ஆண்கள் திரும்பி வந்தார்கள். பெண்களில் பெரும்பாலானோர் வீட்டுக்குப் போனார்கள். கிற்றார்கள் மேடைகளில் ஒலித்துக்கொண்டே இருந்தன. செய்தவர்களின் பெயர்கள் மட்டும் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. பெண்ணின் உழைப்பு பொருளாக நிற்கும், பெயர் நிற்காது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா? “ஆம்பிளையளின்ரை சாமான்” என்று நாம் சொல்லும்போது அந்த 75 பேரையும் மறுபடியும் படத்திலிருந்து அழித்துவிடுகிறோம்.

மின்சாரம் எப்படி வந்தது?

கிற்றாரின் தந்திகள் பாலத்தில் பொருத்தப்பட்ட ஒரு வெண்ணிறத் துண்டின் மேல் தங்கியிருக்கும். அதன் அடியில் ‘பியேசோ’ எனப்படும் மெல்லிய உணரி வைக்கப்படுகிறது. சில பளிங்குகளை அழுத்தினால் அவற்றில் மின்னேற்றம் தோன்றும் என்பதை 1880 இல் பியர் கியூரியும் அவரது அண்ணன் ஜாக் கியூரியும் கண்டுபிடித்தார்கள். பின்னர் பியரின் மனைவியான மேரி கியூரி, கதிர்வீச்சினால் உண்டாகும் மிகச் சிறிய மின்னோட்டத்தை அளப்பதற்கு இதே தத்துவத்தில் அமைந்த கருவியைத்தான் பாவித்தார். 1898 இல் பொலோனியமும் ரேடியமும் கண்டறியப்பட்டதில் அந்தக் கருவிக்கும் பங்குண்டு. அந்தத் தத்துவமே இன்று கிற்றாரின் உள்ளே இருந்து பாட்டுக்குத் துணை செய்கிறது.

தந்தி அதிரும்போது உணரியில் அழுத்தம் ஏறி இறங்குகிறது. அது மின் சமிக்ஞையாகிறது. மிக மெல்லிய அந்தச் சமிக்ஞையை உள்ளேயுள்ள ஒரு சிறு பெருக்கி பலப்படுத்துகிறது. அதற்குப் பெரும்பாலும் 9 வோல்ட் பற்றரி வேண்டும். வாசித்து முடிந்ததும் வயரைக் கழற்றிவிடுங்கள். வயர் செருகியிருக்கும் வரை பற்றரி கரைந்துகொண்டே இருக்கும். மேடையில் ஒலி கரகரத்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியதும் பற்றரியைத்தான்.

ஜம்போவுக்கென்று ஒரு குணம் உண்டு. உடல் பெரிதாகையால் ஒலிபெருக்கியின் சத்தத்திலேயே அதுவும் அதிரத் தொடங்கும். அந்த அதிர்வு மறுபடி ஒலிபெருக்கிக்குப் போகும். இப்படிச் சுற்றிச் சுற்றி வந்து ‘ஊ’ என்று ஊளையிடும். அப்படி நேர்ந்தால் ஒலிபெருக்கிக்கு நேர் முன்னே நிற்காமல் விலகி நில்லுங்கள். கீழ்த்தாயி ஒலியைக் குறையுங்கள். கிற்றாரின் துளையை மூடும் இறப்பர் மூடி ஒன்றும் கடைகளில் உண்டு.

வாங்கும்போது

சகோதரிகளே, விலை கூடியதெல்லாம் நல்லது என்று நினைக்க வேண்டாம். பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

முதலாவது, மேற்பலகை. அது முழு மரமா, ஒட்டுப்பலகையா என்று கேளுங்கள். துளையின் ஓரத்தைப் பார்த்தால் பெரும்பாலும் தெரியும். மேலே தெரியும் மர நார்கள் ஓரத்திலும் தொடர்ந்து சென்றால் முழு மரம். அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. முழு மரத்தின் ஒலி வாசிக்க வாசிக்கத் திறக்கும் என்று வாசிப்பவர்கள் சொல்வார்கள். ஒட்டுப்பலகையோ ஈரப்பதனை நன்கு தாங்கும். பணம் மட்டாக இருந்தால், மேற்பலகை முழு மரமும் பக்கமும் முதுகும் ஒட்டுப்பலகையுமாக உள்ளவை எமது காலநிலைக்கு நல்ல தெரிவு.

இரண்டாவது, தந்தியின் உயரம். பன்னிரண்டாவது கட்டையில் தடித்த தந்திக்கும் கட்டைக்கும் இடையே ஏறக்குறைய இரண்டரை மில்லிமீற்றர் இடைவெளி போதுமானது. அதைவிட மிகக் கூடினால் விரல்கள் நோகும். பல பிள்ளைகள் இரண்டு மாதத்தில் கிற்றாரை மூலையில் வைத்துவிடுவதற்கு இதுவே காரணம். பிள்ளைக்குத் திறமையில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் திருத்துநரிடம் காட்டி உயரத்தைச் சரிசெய்யுங்கள். 0.012 அங்குலத் தந்திக்குப் பதிலாக 0.011 அங்குலத் தந்தி மாட்டினாலும் விரலுக்கு இலகுவாகும்.

மூன்றாவது, பாவித்த கருவியானால் பாலத்தைப் பாருங்கள். அதன் பின்விளிம்பில் ஒரு மெல்லிய கடதாசியைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் பாலம் பெயரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஆறு உருக்குத் தந்திகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேற்பட்ட பலத்துடன் அதனை இழுத்துக்கொண்டிருக்கின்றன. பாலத்துக்குப் பின்னால் பலகை வயிறு போல மிக வீங்கியிருந்தாலும் வாங்க வேண்டாம்.

நான்காவது, ஒலிபெருக்கியில் மாட்டி ஒவ்வொரு தந்தியையும் தனித்தனியே மீட்டிப் பாருங்கள். ஒரு தந்தி மட்டும் மெதுவாகக் கேட்டால் உணரி சரியாகப் படியவில்லை.

பிடிப்பதும் பேணுவதும்

உயரம் குறைந்தவர்களுக்கு ஜம்போவில் வரும் சிரமம் வலது தோளில்தான். கை பெரிய உடலைச் சுற்றி வர வேண்டும். தோளை உயர்த்தி வைத்து வாசித்தால் சில நாட்களில் நோவு தொடங்கும். கைப்பிடி இல்லாத கதிரையில் நிமிர்ந்து இருங்கள். அமர்ந்திருக்கும்போதும் தோள்பட்டியை மாட்டுங்கள். இடது காலுக்குக் கீழே ஒரு சிறு பலகையை வைத்து, கிற்றாரை இடது தொடையில் இருத்தினால் கழுத்துப் பகுதி உயரும், தோளும் தளரும். ஒடுங்கிய இடுப்பு தொடையில் நன்றாகப் படிவதால் வேறு சில பெரிய கிற்றார்களைவிட ஜம்போ சற்றுத் தாழ்வாகவே அமரும். இத்தனை செய்த பின்னரும் தோள் நொந்தால் அக்கருவி அவருக்குரியதல்ல. சிறிய உடல் கொண்ட கிற்றாரை எடுப்பதில் எந்தக் குறையும் இல்லை. உலகப் புகழ்பெற்ற ஜோன் பயஸ் சிறிய மார்ட்டின் கிற்றாரோடுதான் பெயர் பெற்றார்.

மரத்துக்கு ஏற்ற ஈரப்பதன் 45 முதல் 55 வீதம். எமது கரையோர ஊர்களில் அது பெரும்பாலும் இதற்கு மேலேதான் இருக்கும். ஈரம் கூடினால் பலகை ஊதும், தந்தி உயரும், ஒலி மந்தமாகும். எனவே வாசிக்காத வேளையில் பெட்டியில் வைத்து மூடுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களைப் பெட்டிக்குள் போட்டு, மாதமொருமுறை மாற்றுங்கள். வாசித்து முடிந்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் தந்திகளைத் துடையுங்கள். வியர்வையும் கடற்காற்றும் சேர்ந்தால் தந்தி விரைவில் துருப்பிடிக்கும். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் மட்டும் ஒருபோதும் வைக்காதீர்கள். வெப்பத்தில் பசை இளகிப் பாலம் கழன்றுவிடும்.

எது பெரிது?

எமது வீடுகளில் வீணை உண்டு. நான்கு அடி நீளம். ஜம்போ கிற்றாரைவிட நீளமானது, பாரமானது. சிறு பெண்பிள்ளைகள் அதன் முன் அமர்ந்து பழகுகிறார்கள். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளுக்குத் தோற்றுகிறார்கள். வீணையைப் பார்த்து “உது உனக்குப் பெரிசு” என்று எந்தத் தாயும் சொன்னதாகக் கேள்விப்பட்டதில்லை. வீணையைப் பெண்ணுக்குரியது என்று முடிவு செய்துவிட்டதால் அதன் அளவு எமது கண்ணில் படவில்லை. கிற்றாரை ஆணுக்குரியது என்று முடிவு செய்துவிட்டதால் அதன் அளவு மட்டும் பெரிதாகத் தெரிகிறது. ஆக, அளவு என்பது மரத்தில் இல்லை. எமது மனத்தில்தான் இருக்கிறது.

எனவே பிள்ளை கேட்டால் ஒன்று செய்யுங்கள். கடைக்குக் கூட்டிச் சென்று ஜம்போவையும் சிறியதையும் ஆளுக்கு அரை மணித்தியாலமாவது மடியில் வைத்து வாசிக்க விடுங்கள். அவளது தோளும் விரலும் காதும் தீர்ப்புச் சொல்லட்டும். பணம் போதாவிட்டால் “இப்போது வசதியில்லை, சேர்ப்போம்” என்று உள்ளதைச் சொல்லுங்கள். அதைப் பிள்ளை விளங்கிக்கொள்ளும். வாங்கிக் கொடுத்தால், அது அவளுடையதாகவே இருக்கட்டும். தம்பிக்குத் தேவை என்றோ மாமாவின் குழுவுக்கு இரவல் என்றோ அவளிடம் கேளாமல் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

இவை பிள்ளைகளுக்கு மட்டுமல்ல. பிள்ளைகள் வளர்ந்து, வீட்டு வேலை சற்று ஓய்ந்த தாய்மாருக்கும் பொருந்தும். நாளொன்றுக்கு இருபது நிமிடம் போதும். முதல் மூன்று நான்கு வாரங்கள் விரல் நுனிகள் நோகும். பிறகு தோல் தடிக்கும், நோவு போய்விடும். சமையலிலும் தையலிலும் கல்வேலையிலும் தடித்துப்போன எத்தனையோ பெண்களின் விரல்கள் உண்டு. ஒரு பாட்டுக்காகவும் அவை கொஞ்சம் தடிக்கட்டுமே!